யாருடைய வேதம் சரி? சீட்டில் வந்த கேள்விகள்

களியக்காவிளைப் பக்கம் ஒரு சபையின் வாலிபர் கூட்டம். சீட்டுகளில் பெயர் இல்லை, ஊர் மட்டும். பதில் சொல்பவர் ஓய்வுநாள் பள்ளியின் பழைய வாத்தியார்.

பளுகல்: வேதம் மாறவே இல்லை என்கிறோம். கையால் எழுதிய காலத்தில் ஓர் எழுத்தாவது தவறியிருக்காதா சாரே?

தவறியது தம்பி. 1947 தொடங்கி, சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் பழைய வேதச் சுருள்கள் கிடைத்தன. அதில் ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு நூறு வருடம் முந்தியது. 40ஆம் அதிகாரத்தில் ‘புல் உலர்ந்து, பூ உதிரும்’ என்று 7, 8 இரண்டு வசனத்திலும் வருகிறதா? எழுதியவர் கண் முதல் புல்லிலிருந்து அடுத்த புல்லுக்குத் தாவிவிட்டது. நடுவில் இருந்தது போச்சு. பின்னால் வேறொரு கை, விட்டதை வரிக்கு மேலும் ஓரத்திலுமாக நெருக்கி எழுதியிருக்கிறது. அடுத்த வரி என்ன தெரியுமா? ‘நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்.’ எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஒரே பிரதி இருந்திருந்தால் விட்டதே தெரிந்திருக்காது. நிறைய இருந்ததால் பிடிபட்டது. கர்த்தர் காத்தார் என்று நான் நம்புவது இப்படித்தான். எழுதுகிறவன் கை வழுக்காது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்த்தாண்டம்: கான்ஸ்டன்டைன் ராஜா பைபிளை மாற்றினாராமே?

வாட்ஸாப்பில் வந்ததா? அவர் நாலாம் நூற்றாண்டு ரோமச் சக்கரவர்த்தி. அவருக்கு முந்தின பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதிகள் இருக்கின்றன. மாற்றியிருந்தால் அவை காட்டிக்கொடுத்திருக்கும்.

கொல்லங்கோடு: கத்தோலிக்க வேதத்தில் ஏழு புத்தகம் கூடுதல் ஏன்?

அது எந்தப் புத்தகம் சேரும் என்ற வழக்கு, பிரதியெடுத்த கதை அல்ல. பங்குச் சாமியாரைக் கேளுங்கள்.

பாறசாலை: 1 யோவான் 5:7. வீட்டுக்காரரின் தமிழ் வேதத்தில் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ இருக்கிறது. என் மலையாள சத்யவேதபுஸ்தகத்தில் இல்லையே?

அக்கா, உங்களுடையதுதான் பழைய கிரேக்கப் பிரதிகளோடு ஒத்துப்போகிறது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ், 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. சண்டை வந்தது. 1522இல் சேர்த்தார். அந்த வழியில் நம் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது.

(பின்வரிசையிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர்): அப்போ திரித்துவம் பொய்யா?

‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவி’ என்று மூவரையும் சேர்த்துச் சொல்லும் மத்தேயு 28:19 எங்கே போயிற்று அண்ணாச்சி? ஒரு வசனத்தை வைத்தா திரித்துவம் நிற்கிறது?

“நாற்பது வருஷமா மனப்பாடமாச் சொன்ன வசனம். விடமாட்டேன்.”

“நாற்பது வருஷமா என் வேதத்தில்தான் குறைன்னு சொன்னீங்களே!” என்று அக்கா எழுந்துவிட்டார்.

சரி சரி, உட்காருங்கள் இரண்டு பேரும். அடுத்த சீட்டு… கான்ஸ்டன்டைன். இதோடு மூன்று. டீ ஆறுகிறது, எழுந்திருங்கள்.