எட்வின் ஸ்டாரும் இங்கிலாந்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த சோல் இசையின் பாடகர் எட்வின் ஸ்டாரின் 'வார்' என்னும் போர் எதிர்ப்புப் பாடலை அண்மையில்தான் கேட்டேன். 1970இல் அதன்மூலம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர், பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறி, சிறிய அரங்குகளில் பாடிக்கொண்டிருந்து 2003இல் நாட்டிங்ஹாம் அருகே மறைந்தார் என்று வாசித்தபோது மனம் கனத்தது. இது வீழ்ச்சி அல்லவா? அப்பாடலை வெளியிட்ட மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டதா? அவரை எந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில வாரங்களாக நானும் ஸ்டாரின் பழைய பாடல்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன். மோடவுனை விட்டுவிடுவோம். அந்த நிறுவனத்தின் மீது குறைபட்டவர்கள் பலர்.

'வீழ்ச்சி' என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. 'வார்' அவருக்காக எழுதப்பட்ட பாட்டுகூட அல்ல. நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் எழுதி, மோடவுனின் டெம்ப்டேஷன்ஸ் குழு முதலில் பாடிய அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டால் அக்குழுவின் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நிறுவனம் அஞ்சியதால்தான் அது ஸ்டாரிடம் வந்தது. அவர் தொண்டை கிழியப் பாடி, அதை மூன்று வாரங்கள் முதலிடத்தில் நிறுத்தினார். அமெரிக்கப் பொதுநினைவில் அந்த ஒரு பாட்டாகவே சுருங்கியும் போனார்.

இங்கிலாந்தின் வடக்கில் கதை வேறு. அறுபதுகளின் நடுவில் டெட்ராய்ட்டின் ரிக்-டிக் என்னும் சிறு நிறுவனத்துக்காக அவர் பாடிய 'ஏஜென்ட் டபுள்-ஓ-சோல்', 'ஸ்டாப் ஹர் ஆன் சைட்', 'பேக் ஸ்ட்ரீட்' போன்றவற்றை அங்குள்ள தொழில்நகர இளைஞர்கள் விடவே இல்லை. பின்னர் நார்தர்ன் சோல் என்று பெயர்பெற்ற அந்த மோகத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள்: அமெரிக்காவில் விலைபோகாத தட்டுகளைத் தேடித்தேடி வாங்கியவர்கள், 1973 முதல் 1981 வரை விகன் நகரில் இருந்த விகன் கேசினோ என்னும் நடனக்கூடத்தின் கதவு பின்னிரவு 2 மணிக்குத் திறந்ததும் உள்ளே நுழைந்து, மது விற்கப்படாத அந்தக் கூடத்தில், வாரமெல்லாம் ஆலையிலும் பட்டறையிலும் உழைத்த உடம்போடு காலை 8 மணி வரை ஆடினார்கள். ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் எத்தனையாவது இடம் பிடித்தது என்பது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. சொல்லப்போனால், யாருக்கும் தெரியாத பாட்டென்றால் அதன் மதிப்பு கூடியது. பட்டியல்தான் வேண்டுமென்றால் அதையும் சொல்கிறேன்: 1979இல் அவருடைய 'கான்டாக்ட்' பாட்டு அமெரிக்காவில் 60ஆம் இடத்தைக்கூட எட்டாதபோது பிரிட்டனில் 6ஆம் இடத்துக்கு வந்தது. தம் 23ஆம் வயதுக் குரலைப் பல ஆண்டுகள் கழித்தும் அடியடியாக மனப்பாடமாக வைத்திருந்த மக்கள் நடுவே ஒரு பாடகர் குடியேறியதைத்தான் நீங்கள் வீழ்ச்சி என்கிறீர்கள்.

உங்கள் இரக்கம் நல்ல மனத்திலிருந்து வருகிறது என்பதை அறிவேன். ஆனால் அறுபதை நெருங்கிய வயதிலும் பாட அழைக்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒருவருக்கு அது தேவைப்படவில்லை. சிறிய அரங்கு என்பது பாடகருக்குத் தண்டனை என்று யார் உங்களுக்குச் சொன்னது? முன்வரிசையின் முகம் தெரியும் தொலைவில் நின்று பாடத்தானே சோல் பாடகர்கள் தேவாலயங்களில் பழகினார்கள்?

முதலில் 'ஸ்டாப் ஹர் ஆன் சைட்' கேளுங்கள், அதுவும் உட்கார்ந்துகொண்டு அல்ல. 'வார்' எங்கும் ஓடிவிடாது.