மெக்கன்சி ஆற்றில் ஏன் பாலம் கட்டவில்லை?

கனடாவின் வடமேற்கில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை மெக்கன்சி ஆற்றைக் கடக்கும் சீகெச்சிக் என்ற சின்ன ஊரில் ஏன் பாலமில்லை, கனடா அரசுக்கு இவ்வளவு சோம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் ரோடு ஆற்றங்கரையில் அறுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அதே ரோட்டில் இன்னும் வடக்கே இருக்கிற இனுவிக் ஊரில் சில வருடம் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தவன். 'சோம்பல்' என்றது கொஞ்சம் சுட்டது.

மெக்கன்சியின் முதன்மை ஆற்றுக்குக் குறுக்கே இருப்பது ஒரே பாலம். ஃபோர்ட் பிராவிடன்ஸில் 2012இல் திறந்தார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவு. அதுவும் ஆறு கிரேட் ஸ்லேவ் ஏரியை விட்டுப் புறப்படுகிற பக்கம். நீங்கள் கேட்கிற இடமோ கடலை அண்டிய கடைக்கோடி.

இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதுதான் வில்லங்கம். வசந்தத்தில் தலைப்பக்கம் உருகிவிடும், வால்ப்பக்கம் இறுகிக் கிடக்கும். மலைப்பக்கமிருந்து வரும் லியார்ட் ஆறு ஃபோர்ட் சிம்சனில் கலங்கல் வெள்ளத்தைக் கொண்டுவந்து தள்ள, அது ஐஸை நெம்பி உடைத்துக்கொண்டே வடக்கே நகரும். சரிவும் அதிகமில்லை. அந்த ஏரி கடல்மட்டத்துக்கு மேலே வெறும் 156 மீட்டர். அங்கிருந்து கடலுக்கு 1,738 கிலோமீட்டர். ஐஸ் எங்காவது அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறும்.

ஒரு மே மாதம் லொறிக்காரர் ஒருவரோடு சீகெச்சிக் இறங்குதுறைக்குப் போனேன். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே போகிற ஐஸ் ரோடு மூடியாயிற்று, கோடையில் வண்டிகளை ஏற்றிக் கடத்துகிற ஃபெரி இன்னும் இறங்கவில்லை. வீட்டளவு பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வேரோடு பிடுங்கிய ஸ்புரூஸ் மரங்களையும் இழுத்துக்கொண்டு போயின. கரையில் ஒதுங்கிய கட்டியொன்றைக் காலால் தட்டினேன். அது விரல் நீள ஊசிகளாகப் பிரிந்து, கண்ணாடி வளையல் உடைகிற சத்தத்தோடு சரிந்தது. "இதுக்கு நடுவில தூண் நட ஆசையா?" என்று சிரித்தார் அவர்.

'ரஷ்யாவில் கட்டுகிறார்களே' என்று இந்தத் தளத்திலுள்ள எஞ்சினியர்கள் வருவார்கள். கட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை ஐயா. இனுவிக்கில் ஏறத்தாழ 3,000 பேர், சீகெச்சிக்கில் அதில் ஒரு துளி. ஃபெரியும் ஐஸ் ரோடும் வருடத்தில் பெரும்பகுதிக்குப் போதும். நவம்பரிலும் மே மாதத்திலும்தான் சங்கடம். லொறி நிற்கும், பாலும் கீரையும் விமானத்தில் வரும், விலையைப் பார்த்துச் சனம் எங்களை முறைக்கும். விலை போடுவது கல்லாவில் நிற்கிறவனா?



சரி, நீங்கள் போகிற எண்ணமிருந்தால் ஜூன் பாதிக்குப் பிறகு போங்கள். ஃபெரி ஓடுகிறதா என்று அரசின் சாலைத் தகவல் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீகெச்சிக்குக்கு முன்னே பீல் ஆற்றிலும் ஒரு ஃபெரி உண்டு.