மக்கள் வாக்களித்து உயர்த்திய சம்பளத்தை அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் மாற்ற முடியுமா? இதில் தேர்தல் நிதிக்கு என்ன வேலை?

முடியும். மிசூரியில் செய்தே விட்டார்கள். அந்த மாநிலத்தில் ஒரு சின்ன உணவகத்துக்கு நான் கணக்கு எழுதுகிறேன், சம்பளப் பட்டுவாடாவும் என் பொறுப்புதான். அதனால் என் மேசைக்கு வந்த வழியிலேயே சொல்கிறேன்.

நான் குடியிருப்பது பக்கத்து மாநிலமான கேன்சஸில். கேன்சஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை உண்டு. பெயரில் இருப்பதுபோல அதுதான் எல்லை. மேற்குச் சாரி கேன்சஸ், கிழக்குச் சாரி மிசூரி. மேற்கே சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர். சாலையைக் கடந்தால் 2026 ஜனவரி முதல் 15 டாலர். 7.25 என்பது மத்திய அரசு 2009 ஜூலையில் வைத்த தொகை, அதன்பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. கேன்சஸின் சொந்தச் சட்டத்தில் 2009 முடியும்வரை 2.65 டாலர் என்றே எழுதியிருந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

நிஜத்தில் இந்தப் பக்கமும் 7.25க்கு ஆள் கிடைக்காது. எதிர்ச்சாரியில் 15 கொடுக்கும்போது இங்கே 7.25 என்று பலகை வைத்தால் கடைக்காரர் தனியாக ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் சட்டம் சட்டம்தானே.

இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் குடியரசுக் கட்சியின் கையில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? மிசூரியில் போதுமான கையெழுத்து சேர்த்தால் குடிமக்களே ஒரு சட்டத்தை நேராக வாக்குச்சீட்டில் ஏற்றலாம். கேன்சஸில் அந்த வழி கிடையாது. மிசூரி மக்கள் அதை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2006இல் ஊதிய உயர்வுக்குச் சுமார் 76 சதவீதம் ஆதரவு. 2018இல் 12 டாலர் வரை படிப்படியாக ஏற்ற 62 சதவீதம். 2024 நவம்பரில் 'புரொபசிஷன் ஏ' என்ற பெயரில் 15 டாலரும், கூடவே சம்பளத்தோடு நோய் விடுப்பும் கேட்டு வைத்தார்கள். அதற்குச் சுமார் 58 சதவீதம். அன்றைக்கே அதே வாக்குச்சீட்டில் அதே மாநிலத்தில் டிரம்ப் வாங்கியதும் கிட்டத்தட்ட 58தான்! இரண்டுக்கும் சேர்த்துப் புள்ளி வைத்தவர்கள் ஏராளம் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். புளோரிடாவிலும் 2020இல் இதே கூத்து: டிரம்பும் ஜெயித்தார், 15 டாலரும் 60 சதவீதத்தைத் தாண்டி ஜெயித்தது.

ஆக, சம்பள விஷயத்தில் இரண்டு கட்சிகளின் வாக்காளர்களும் ஒன்றும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடவில்லை. மாநிலத் தலைநகரில் நடக்கும் சண்டை வேறு: முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்தி படித்தால் எல்லாம் 'ஏழைக்கு ஆதரவு, முதலாளிக்கு ஆதரவு' என்று கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

முதலில் நகரங்கள் முயன்றன. செயின்ட் லூயிஸ் நகரம் தன் எல்லைக்குள் ஊதியத்தை உயர்த்தச் சட்டம் போட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், நகரம் ஜெயித்து, 2017 மே மாதம் 10 டாலர் அமலுக்கு வந்தது. உடனே மாநிலச் சட்டமன்றம், நகரங்கள் மாநில அளவைவிட அதிகமாக வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போதைய ஆளுநர் எரிக் கிரைட்டன்ஸ் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம்மூர் மாதிரி நியமனம் இல்லை.) கையெழுத்து இல்லாமலே சட்டம் ஆனது. 2017 ஆகஸ்ட் 28 அன்று செயின்ட் லூயிஸில் சட்டப்படியான ஊதியம் 10 டாலரிலிருந்து 7.70க்கு இறங்கியது. குறைந்தபட்சச் சம்பளம் ஏறாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 28 என்ற தேதியை நினைவில் வையுங்கள். மிசூரியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் மே மாதம் முடிந்தபின் புதுச் சட்டங்கள் வழக்கமாக அமலாகும் நாள் அது.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். 2024 வாக்கெடுப்பின்படி நோய் விடுப்பு 2025 மே 1 தொடங்க வேண்டும். 30 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் விடுப்பு சேரும். ஏப்ரல் 15க்குள் ஒவ்வொரு ஊழியருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சுவரிலும் ஒட்ட வேண்டும். நான் அச்சடித்து சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சம்பள மென்பொருளில் ஒரு புதுப் பத்தியும் சேர்த்தேன். வணிக அமைப்புகள் தொடுத்த வழக்கில் ஏப்ரல் 29ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. அப்பாடா, இனி மாறாது என்று நினைத்தேன்.

இரண்டே வாரம். மே 14 அன்று மாநில செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் பேசிப்பேசித் தடுத்துக்கொண்டிருந்த விவாதத்தை, அபூர்வமாகவே எடுக்கும் ஒரு விதியைக் காட்டி ஆளுங்கட்சி முடித்துவைத்து, திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலையில் ஆளுநர் மைக் கீஹோ கையெழுத்திட்டார். 15 டாலரைத் தொடவில்லை. நோய் விடுப்பை ஆகஸ்ட் 28 முதல் எடுத்துவிட்டார்கள். 2027 முதல் விலைவாசிக்கு ஏற்ப ஊதியம் தானாக ஏறும் என்ற வரியையும் அடித்துவிட்டார்கள்.

எங்கள் கடையில் பாத்திரம் கழுவுகிறவர் முழுநேரம் வேலை செய்கிறவர். அந்த 17 வாரத்தில் அவர் கணக்கில் 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்திருந்தது. சம்பளச் சீட்டில் அந்த எண் ஏறுவதை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார் போலும். ஆகஸ்ட் கடைசியில் என்னிடம் வந்து, "மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே வந்தது, அதை எப்படி எடுக்கிறார்கள்?" என்று கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. முதலாளியம்மா, "சேர்ந்ததைக் கொடுத்துவிடுங்கள், இனிமேல் சேர்க்க வேண்டாம்" என்றார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த மணிக்கணக்கை வைத்திருப்பது நிஜமாகவே தொல்லை, எனக்குத்தான் தெரியும். ஆனால் விலைவாசி வரியை அடித்ததற்கு எந்தச் சமாதானமும் என்னை ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. அதில் கணக்கு எழுதும் சுமையே கிடையாது, வருடத்துக்கு ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது.

எப்படி முடிந்தது என்றால், புரொபசிஷன் ஏ சாதாரணச் சட்டமாகத்தான் வாக்குச்சீட்டில் ஏறியது. சாதாரணச் சட்டத்தைச் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். அரசியலமைப்புத் திருத்தமாக வைத்திருந்தால் மறுபடி மக்களிடம்தான் போயாக வேண்டும். ஆனால் அதற்கு அதிகக் கையெழுத்து வேண்டும், அதிகக் கையெழுத்துக்கு அதிகப் பணம் வேண்டும்.

சரி, பணம். மிசூரியின் நன்கொடை வரலாறும் சம்பளக் கதை போலவேதான். வேட்பாளருக்கு ஒருவர் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற மிசூரியின் உச்சவரம்பு செல்லும் என்று 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்போதைய வரம்பு 1,075 டாலர். 2008இல் சட்டமன்றம் வரம்பையே எடுத்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் யாருக்கும் எவ்வளவும் கொடுக்கலாம் என்று ஆனது. 2016 ஆளுநர் தேர்தலில் நான் மேலே சொன்ன கிரைட்டன்ஸுக்கு ஒரே தவணையில் 19.75 லட்சம் டாலர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் ஏறக்குறைய 70 சதவீத ஆதரவோடு வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்: 2,600 டாலர். இந்த முறை உஷாராக அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், பெரும்பணத்துக்கு எதிரான அந்தப் பிரசாரத்துக்குச் செலவழித்தவரே ஒரு பணக்காரப் பழமைவாத முதலீட்டாளர்.

வரம்பு வந்ததும் பணம் நின்றதா? வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைக்கும். வேட்பாளரின் கணக்குக்குத்தான் வரம்பு. அவருக்கு வேண்டப்பட்ட அரசியல் நிதிக் குழுவுக்கு வரம்பு கிடையாது. கேன்சஸ் சிட்டித் தொலைக்காட்சி இரண்டு மாநிலத்துக்கும் பொது என்பதால் எனக்குச் சம்பந்தமில்லாத மிசூரி விளம்பரங்களையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டு நொடியில் 'செலவு செய்தவர்' என்று பொடி எழுத்தில் ஒரு பெயர் வரும். மிசூரி, எதிர்காலம், குடும்பம், சுதந்திரம் இவற்றில் ஏதாவது இரண்டை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெயரை மிசூரி நெறிமுறை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுத் தேடலாம். 5,000 டாலருக்கு மேல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும் என்பது விதி. கணக்கெழுதுகிறவன் என்பதால் எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு. பாதித் தேடலில் இன்னொரு குழுவின் பெயர்தான் வரும், அதைத் தேடினால் இன்னொன்று.

இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2018 ஊதிய உயர்வுப் பிரசாரத்துக்குப் பெரும்பணம் வந்தது வாஷிங்டனிலிருந்து இயங்கும் சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்டிடமிருந்து. தனக்கு யார் கொடுத்தார்கள் என்று வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லாத, இடதுசாரிச் சார்புள்ள அமைப்பு அது. வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு நிறுவனங்கள் செலவழிப்பதைத் தடுக்கக் கூடாது என்று 1978லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் உச்சக்கட்டத்தை ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிஃபோர்னியாவில் பார்த்தோம். ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்றவை 2020இல் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டாம் என்று மக்களிடமே தீர்ப்பு வாங்கின. வாஷிங்டன் டிசி மாநிலம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கும் முழு ஊதியம் வேண்டும் என்று 2018 ஜூனில் மக்கள் வாக்களித்ததை, சில மாதத்தில் ரத்து செய்த நகர மன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை.

கட்சிச் சண்டை உண்மையில் கூர்மையாவது தொழிற்சங்கச் சந்தாவில். குடியரசுக் கட்சிக்கு வணிக அமைப்புகள் எப்படியோ, அப்படி ஜனநாயகக் கட்சிக்குச் சங்கங்கள் பெரிய நிதி ஊற்று. சங்கத்தின் பலன் கிடைத்தாலும் சந்தா கட்ட வேண்டியதில்லை என்று ஒரு சட்டம் வந்தால், அது தொழிலாளர் சட்டம் மட்டுமா, எதிர்க்கட்சியின் உண்டியலில் ஓட்டை போடுவதும்தானே? விஸ்கான்சின் மாநிலத்தில் 2011இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை வெட்டியபோது ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர், வாக்கெடுப்புக்குப் போதிய ஆள் இல்லாமல் செய்ய, பக்கத்து இல்லினாய்க்கு ஓடிப்போய் உட்கார்ந்தது இதனால்தான். மிசூரியும் 2017இல் சந்தாச் சட்டம் கொண்டுவந்தது. சங்கங்கள் 3 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்து அதை நிறுத்திவைத்து, 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்பில் வைத்தன. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள், சட்டம் செத்தது.

இப்படி மக்களின் பின்வாசல் அடிக்கடி திறப்பதால், இப்போது அந்த வாசலுக்கே பூட்டு தேடுகிறார்கள். 2025 செப்டம்பரில் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில் மிசூரி சட்டமன்றம் ஒரு திட்டத்தை 2026 நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. மக்கள் கையெழுத்து சேர்த்துக் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலத்தில் பெரும்பான்மை வாங்கினால் போதாது, எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியாக ஜெயிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏழு தொகுதியில் 70 சதவீதம் வாங்கி எட்டாவதில் 49 வந்தால் தோல்வி. பூட்டுப் போடவும் மக்களிடம்தான் சாவி கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் சாதாரணப் பெரும்பான்மையில்.

பாத்திரம் கழுவுகிறவர் அந்த 22 மணி நேரத்தில் 16ஐ அக்டோபரில் காய்ச்சலுக்கு எடுத்தார். ஜனவரியில் 15 டாலர் என்று எண்ணை மாற்றிக்கொடுத்தேன். அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சட்டம் இப்போது இருக்கிறபடி 15தான் என்றேன்.