ரம் பஞ்சும் கிளிமிபிரைடும்: நண்பர்களோடு பார்படாஸ் போகிறவருக்கு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. கனடாவில், மிஸ்ஸிஸாகாவில் இருக்கிறேன். 6 வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. பாதத்தில் ஒரு வருடமாக லேசான மதமதப்பு உண்டு. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் 8 பேர், 25 வருடம் கழித்து, வரும் பிப்ரவரியில் கரீபியன் தீவான பார்படாஸில் ஒரு வீடு எடுத்து ஒரு வாரம் தங்கப் போகிறோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் எல்லாம் ஆர்டர் ஆகிவிட்டது. எனக்குச் சர்க்கரை இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிடலாமா? இல்லை, குடிக்கிற நாளில் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாமா? சாப்பாட்டிலும் கடலிலும் எதற்குப் பயப்பட வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மாத்திரை பற்றிய கேள்வி அல்ல. ‘அவர்களில் யாருக்கும் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவரும் உங்களைப் போலத்தான், பழைய நண்பர்களோடு கடற்கரையில் ஒரு வீடு எடுத்துத் தங்கினார். பகல் முழுக்கக் கடலில் ஆட்டம், மாலையில் குடி, சாப்பாடு பேருக்கு. இரவு 11 மணிக்குச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினார். நாக்கு குழறியது, சம்பந்தமில்லாமல் கோபம் வந்தது. ‘இவனுக்கு எப்பவுமே தாங்காதுப்பா’ என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். விடியற்காலையில் தண்ணீர் எடுக்க வந்த ஒருவர் தலையணை நனைந்திருப்பதைக் கண்டு வாந்தி என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தார். வியர்வை. ஏசி ஓடுகிற அறையில் அவ்வளவு வியர்வை. தன் அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் அவருக்குப் பொறி தட்டியது. ஆம்புலன்ஸ் வந்து பார்த்தபோது சர்க்கரை 40 (நம் மி.கி. கணக்கில்; கனடாக் கணக்கில் 2.2), அபாயமான தாழ்வு. அவர் பிழைத்தது அந்த ஒரு நண்பரால்தான்.

போதையும் தாழ்சர்க்கரையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தள்ளாட்டம், குழறல், எரிச்சல், தூக்கம் என எல்லாம் பொது. குடித்திருப்பவருக்கே அது புரியாது, கூட இருப்பவர்களுக்கு எப்படிப் புரியும்? அதனால் 7 பேரிடமும் சொல்ல மனம் வராவிட்டாலும் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். குறைவாகக் குடிக்கிறவராக, உங்களோடு ஒரே அறையில் தங்குகிறவராக இருந்தால் நல்லது. விமானம் ஏறும் முன்பே சர்க்கரை பார்க்கும் கருவியைக் காட்டி, விரலில் எப்படிக் குத்துவது என்று ஒருமுறை செய்ய வையுங்கள். 47 வயதுக்காரர்கள் 8 பேர் கூடுகிற இடத்தில் நீங்கள் ஒருவர்தான் மாத்திரை போடுகிறவர் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் வாய் திறந்தால் இன்னும் இரண்டு பேர் பையிலிருந்து டப்பாவை எடுப்பார்கள்.

சரி, சர்க்கரை ஏன் இறங்குகிறது? சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். உள்ளே மது வந்துவிட்டால் கல்லீரல் முதலில் அதைச் சமாளிக்கப் போய்விடும், புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை தேங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. கிளிமிபிரைடு வேறு ரகம். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருக்கும். காலையில் போட்டது இரவிலும் வேலை செய்யும். ஒரு பக்கம் வரத்து நின்றிருக்கிறது, மறுபக்கம் செலவு ஓடுகிறது. அன்று நீச்சலும் அடித்திருந்தால் தசைகளும் தம் பங்குக்கு இழுக்கும்.

இதில் பார்படாஸ் ரம் பஞ்ச் ஒரு தனி வில்லங்கம். அந்தத் தீவில் கரும்புக்கும் ரம்முக்கும் 300 வருடத்துக்கு மேற்பட்ட உறவு; அங்குள்ள மவுண்ட் கே ஆலை 1703-ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் காட்டித் தன் வயதைச் சொல்லிக்கொள்ளும். பஞ்சுக்கு அவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எலுமிச்சைச் சாறு 1 பங்கு, சர்க்கரைப் பாகு 2, ரம் 3, தண்ணீர் 4. மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். அந்த 2 பங்கு பாகு முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் சர்க்கரையை ஏற்றும். 3 பங்கு ரம் நடுஇரவுக்கு மேல், சில சமயம் மறுநாள் காலையில் கூட, இறக்கும். இரவு 9 மணிக்கு உங்கள் கனடாக் கருவியில் 14 (மி.கி. கணக்கில் சுமார் 250) என்று பார்த்துப் பதறி, நீங்கள் கேட்டதுபோல் கூடுதலாக ஒரு கிளிமிபிரைடு போட்டால் அதிகாலை 3 மணிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குடிக்காமல் இருப்பதுதான் உத்தமம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் டாக்டர் இல்லை. குடிப்பதென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். பஞ்ச் வேண்டாம், ரம்மோடு சோடாவோ தண்ணீரோ போதும். வெறும் வயிற்றில் கூடவே கூடாது. படுக்கும் முன் சர்க்கரை பாருங்கள்; 7-க்குக் கீழே இருந்தால் இரண்டு துண்டு ரொட்டி அல்லது பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். (இந்தியாவில் படிப்பவர்களுக்கு: கனடாக் கணக்கை 18-ஆல் பெருக்கினால் நம் மி.கி. கணக்கு வரும்.) 4-க்குக் கீழே போய்விட்டால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று அதோடு விடவும் முடியாது. கிளிமிபிரைடு இருக்கிற உடம்பில் அது திரும்ப இறங்கும், அதனால் சாப்பிட வேண்டும், இரவில் இன்னொரு தடவை குத்திப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை உங்கள் அறைத் தோழரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 511-ஐ அழைக்க வேண்டும். பார்படாஸில் ஆம்புலன்ஸ் எண் அதுதான். கனடாப் பழக்கத்தில் 911-ஐ அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனை தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனை.

கடலில் நாள் முழுக்க ஆட்டம் போடும் நாட்களில் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைக்கலாமா என்று உங்கள் குடும்ப டாக்டரைக் கேளுங்கள். சிலருக்குக் குறைப்போம். ஆனால் கேட்பதற்கு முன் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பயணத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களில் மருந்தோ அளவோ மாறியிருந்தால் ‘நோய் நிலையாக இல்லை’ என்று சொல்லிப் பணம் தர மறுக்கும் விதி கனடாக் காப்பீடுகள் பலவற்றில் உண்டு. எத்தனை நாள் என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். குடித்த நிலையில் நேர்ந்ததற்குப் பணம் இல்லை என்ற வரியும் பல பத்திரங்களில் இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பாருங்கள், பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சூரியன் நமக்குத் தெரிந்த அதே சூரியன்தான். ஆனால் அங்கே அட்லாண்டிக்கிலிருந்து ஓயாமல் காற்று வீசிக்கொண்டிருக்கும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும், சுடுவதும் தெரியாது. பிப்ரவரிப் பனியிலிருந்து நேராகப் போய் இறங்குகிற உடம்பு அது. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைக் கூட்டும், தோல் வெயிலில் சீக்கிரம் கருகவும் வைக்கும். மது அதன் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். பவளச் சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் நிலத்தடி நீர் என்பதால் அங்கே குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு.

தலைவலி, தோல் எரிச்சல் என்றதும் யாராவது ஒரு நண்பர் ஐபுபுரூஃபனை நீட்டுவார். வாங்காதீர்கள். டெல்மிசார்டான், தயசைடு, ஐபுபுரூஃபன் மூன்றும் நீர்ச்சத்து வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். தீவில் டெங்குவும் உண்டு, காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் கூடாது என்பதற்கு அது இன்னொரு காரணம். பாரசிட்டமால் போதும், அதையும் குடித்த இரவில் அளவோடு. கொசு விரட்டிக் களிம்பைப் பகலிலும் பூசுங்கள், டெங்குக் கொசு பகலில் கடிப்பது. வாந்தி பேதி பிடித்துச் சாப்பாடு இறங்காத நாளில் மட்டும் மெட்ஃபார்மினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், கிளிமிபிரைடும் அன்று ஆபத்து. அதை எப்படிச் செய்வது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்குக் கஷ்டம் இல்லை. அங்கே பறக்கும் மீன் தேசிய உணவில் ஒரு பாதி. நம் கடற்கரையில் பறவைக் கோலா என்று வாங்குவோமே, அந்த இனம். கூடவே வரும் கூகூ, சோளமாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டிய களி. வெள்ளிக்கிழமை இரவில் ஓயிஸ்டின்ஸ் மீன் சந்தைக்குக் கட்டாயம் இழுத்துப் போவார்கள். சுட்ட மீனும் காய்கறியும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை நிறைக்கிற மக்ரோனி பை, வறுத்த சீமைப்பலா, பட்டாணிச் சோறு மூன்றில் ஏதாவது ஒன்று போதும். பெரிய பாரகுடா, அதாவது நம் ஊர் சீலா, கிடைத்தால் வேண்டாம் என்று விடுங்கள். கரீபியன் பவளப்பாறை மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேரும், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் அதிகம். சமைத்தாலும் போகாது, வாடையும் இருக்காது. வாந்தி பேதியோடு வாயைச் சுற்றியும் கைகாலிலும் மதமதப்பு வரும், குளிர்ந்த தண்ணீர் சுடுவதுபோல் இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே பாதத்தில் மதமதப்பு இருப்பதால் ‘சர்க்கரையால்தான்’ என்று விட்டுவிடுவீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். உதடு மதமதத்தால் அது பாதத்து மதமதப்பின் தொடர்ச்சி இல்லை; தாழ்சர்க்கரையிலும் உதடு மதமதக்கும் என்பதால் முதலில் கருவியில் பாருங்கள்.

அந்தப் பாதத்தைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மதமதப்பு உள்ள காலுக்கு மதிய மணல் சுடுவது தாமதமாகத்தான் தெரியும், தெரியும்போது கொப்புளம் வந்திருக்கும். தண்ணீருக்குள்ளும் கழற்றாத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்குங்கள். பாறை ஓரங்களில் கருப்பு முள்ளெலி மாதிரி கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். வெந்நீரில் காலை வை என்பார்கள். வலி குறைய அது சரியான வைத்தியம்தான். ஆனால் சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள், அறைத் தோழர் தன் கையை விட்டுப் பார்க்கட்டும். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலை ஃபோன் கேமராவில் பாருங்கள்.

நீச்சல் மேற்குக் கடற்கரையில். அமைதியான கடல். கிழக்கே பாத்ஷீபா பார்க்க அழகு, இழுக்கிற நீரோட்டம் உள்ள இடம், நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இறங்கும் முன் சர்க்கரை பாருங்கள், குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம். கரையில் நிழலுக்கு ஒதுங்கும்போது சிவப்புப் பட்டை அடித்த மரமோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் தள்ளிப் போங்கள். அது மஞ்சினீல். பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் பால் பட்டால் கண் போகும் என்று படகோட்டிகள் சொல்வார்களே, அதே குடும்பம், அதைவிடக் கொடியது. மழையில் அதன் அடியில் நின்றால் இலையில் வழிந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். கீழே கிடக்கும் பச்சைப் பழம் இனிப்பாக மணக்கும். போட்டிக்குக் கூட யாரும் கடித்துப் பார்க்க வேண்டாம்.

மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: அந்த டி-ஷர்ட் ராணுவச் சீருடை போன்ற பச்சைத் திட்டு (காமோஃபிளாஜ்) டிசைனாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பொதுமக்கள் அதை அணிவது பார்படாஸில் சட்டப்படி குற்றம்.

மாத்திரை, கருவி, சர்க்கரை பார்க்கும் பட்டைகள் (ஸ்ட்ரிப்) எல்லாம் கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வாடகைக் காரில் பட்டைகளை வைக்காதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். பிப்ரவரியில் உங்கள் ஊருக்கும் அங்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், மாத்திரை நேரத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. திரும்பி வந்த 2 வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக பார்படாஸ் போய் வந்ததைச் சொல்லுங்கள். பிப்ரவரி மாத ஒன்டாரியோவில் டெங்கு அவர் நினைவுக்கு லேசில் வராது.