வீடியோ பார்த்தால் கை பழகுமா? மருத்துவ மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வடசென்னையில் பல வருடங்களாகப் பொது மருத்துவம் சொல்லித் தருகிறேன். "கிளினிக்கல் (நோயாளியைப் பரிசோதிக்கும் பயிற்சி) எல்லாம் வீடியோவிலேயே இருக்கே மேடம்" என்று ஒவ்வொரு பேட்ச்சும் வந்து நிற்கிறது. சரி, சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போடும் வீடியோவை இருபது தடவை பார்த்துவிட்டேன் மேடம். வார்டில் ரத்தம் வருகிறது, ஆனால் கேனுலா உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. (ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர், பழைய வண்ணாரப்பேட்டை)

ரத்தத்தைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே ஊசியை இழுத்துவிடுகிறீர்கள். ஊசியின் முனை பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்று முன்னால் நீண்டிருக்கும். பின்னால் ரத்தம் தெரியும் நொடியில் ஊசிதான் வெயினுக்குள் (ரத்தக்குழாய்) இருக்கிறது, குழாய் இன்னும் வாசலில் நிற்கிறது. கோணத்தைத் தாழ்த்தி, இரண்டையும் சேர்த்தே ஓரிரு மில்லிமீட்டர் முன்னே தள்ளுங்கள். அப்புறம் ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் வழுக்க விடுங்கள். கையில் இறுக்கிக் கட்டிய டூர்னிகே பட்டையை அவிழ்த்துவிட்டு, குழாயின் முனை இருக்கும் இடத்துக்கு மேலே அழுத்திக்கொண்டு, கடைசியாகத்தான் ஊசியை உருவ வேண்டும்.

வீடியோவில் அந்தத் தாழ்த்தல் அரை நொடிகூட இருக்காது. வேகத்தைக் கால் பங்காக்கி அந்த இடத்தை மட்டும் பாருங்கள், இருபது தடவை முழுசாகப் பார்த்ததைவிடப் பலன் இருக்கும். ஆனால் ரத்தக்குழாயின் சுவரைத் துளைக்கும்போது விரலுக்குத் தெரியும் அந்தச் சின்ன 'பட்' எந்தக் கேமராவிலும் பதியாது. அதற்கு ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சிக் கூடம்) இருக்கும் பொம்மைக் கைதான். ஏற்கெனவே நூறு பேர் குத்திய ஓட்டையிலேயே நீங்களும் குத்தாதீர்கள்!

எந்த வீடியோவைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? (இரண்டாம் ஆண்டு, பெரம்பூர்)

எது என்பது பெரிய விஷயமில்லை, உங்கள் ஆசிரியர் ஒப்புக்கொண்டது ஒன்று போதும். முதலில் ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அடுத்து விளக்கத்தோடு, நிறுத்தி நிறுத்தி. மூன்றாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டு, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். திக்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். அதன் பிறகு செய்து பாருங்கள். பெய்டன் என்பவரின் நான்கு படி முறை என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வது ஏறக்குறைய இதுதான்.

இன்னொன்று. ஃபோனை அடுத்தவர் செய்வதைப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறீர்கள். ஸ்டாண்டில் வைத்து, நண்பனுக்கு நீங்கள் பிபி பார்ப்பதைப் படம் எடுங்கள். அதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, பாருங்கள்.

பிபி பார்ப்பதற்குமா வீடியோ? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? (மூன்றாம் ஆண்டு, தண்டையார்பேட்டை)

எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு மருத்துவமனைக்கு மீன்பிடிப் படகில் வேலை செய்பவர் ஒருவர் வந்தார். வலை இழுத்து இழுத்துக் கை தூண் மாதிரி இருந்தது. இருந்த ஒரே கஃப் பட்டையை இழுத்துப் பிடித்துக் கையில் சுற்றி 170 என்று எழுதிவிட்டேன். பெரிய கஃப் தேடி எடுத்து வந்து சீனியர் பார்த்தார், 138. சின்ன கஃப் பிபியைக் கூட்டிக் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும்.

ஐந்து நிமிடம் உட்கார வைத்தீர்களா? முதுகுக்குச் சாய்மானம் இருந்ததா, கை இதயத்தின் மட்டத்தில் இருந்ததா? அளக்கும்போது "சாப்டீங்களா அண்ணே?" என்று பேச்சுக் கொடுத்தீர்களா? உங்கள் படத்தைப் போட்டு இதை மட்டும் சரிபாருங்கள்.

பெர்கஷன் (உடம்பை விரலால் தட்டிக் கேட்கும் பரிசோதனை) சத்தம் எனக்குப் பிடிபடவே இல்லை. (மூன்றாம் ஆண்டு, திருவொற்றியூர்)

ஹாஸ்டலில் 20 லிட்டர் தண்ணி கேன் இருக்குமே? பாதி காலியானதும் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து தட்டிக்கொண்டே இறங்குங்கள். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று மார்க்கரில் கோடு போட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். அப்பா ஒயின் பீப்பாயைத் தட்டி அளவு பார்த்ததிலிருந்து இந்த யோசனை வந்தது என்பார்கள். நமக்குக் கேன்.

அசைய வேண்டியது மணிக்கட்டு, முழங்கை இல்லை. தட்டிய விரலை உடனே எடுங்கள். நகத்தை வெட்டுங்கள்.

ஹார்ட் சவுண்ட் ஆடியோ கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா? எஸ்3 (மூன்றாவது இதய ஒலி), மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு ஒன்று சுருங்குவது) மர்மர் என்ற இரைச்சல் எல்லாம் தாழ்ந்த ஒலி, அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தராது. நல்ல இயர்ஃபோன் போடுங்கள்.

வார்டில் கேஸ் பார்ப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. முகம் தெரியவில்லை என்றாலும் கூடாது. மேலே படம் எடுக்கச் சொன்னது நண்பனை, நோயாளியை இல்லை.

வீடியோவெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. பேஷண்டிடம் பேசும்போது வாய் வரவில்லை. (வெளியூரிலிருந்து வந்த மாணவி, ராயபுரம்)

இதைக் கேட்டதற்காகவே உன்னைப் பாராட்டணும்மா. காசிமேட்டு ஆயா "மாராண்ட வலிக்குது" (மார்புப் பக்கம்), "வவுறு நோவுது" என்றுதான் சொல்வார். வீடியோவில் வரும் ஒவ்வொரு கட்டளையையும் நோட்டில் பேச்சுத் தமிழில் எழுது: "வயித்த இறுக்காதீங்க, வாயால மூச்சு விடுங்க, கை வைக்கிறேன், வலிச்சா சொல்லுங்க." ஸ்ப்ளீன் (மண்ணீரல்) தேடும்போது வலது அடிவயிற்றில் தொடங்கி, மூச்சு இழுக்கும்போது கையை அசைக்காமல் வைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் இடது விலாவை நோக்கி நகர்த்த வேண்டும். அந்த மூச்சை நீ சரியாகக் கேட்டு வாங்கவில்லை என்றால் உறுப்பு கைக்கு வராது. ரூம் மேட் மேல் சொல்லிப் பழகு. அவள் சிரித்தால் திரும்பச் சொல்.

என் மகன் ராத்திரி ரெண்டு மணி வரை மெடிக்கல் வீடியோதான் பார்க்கிறேன் என்கிறான். நம்பலாமா டாக்டர்? (ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை)

நாளைக்குக் காலையில் உங்களுக்கு பிபி பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைக்கிறானா என்று பாருங்கள்.