எருக்குழிப் புழு தென்னையைக் குடையுமா?

எருக்குழியைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் கிடைத்ததாகவும், அவையே மரத்துக்குள் புகுந்து தண்டைக் குடையும் என்று சொல்லி, எல்லாத் தென்னைகளிலும் துளையிட்டு மருந்து செலுத்த ஒரு மருந்து முகவர் வற்புறுத்துவதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

துளையிட வேண்டாம். குழியில் இருப்பது காண்டாமிருக வண்டின் புழு. தண்டைக் குடைவது சிவப்புக் கூன் வண்டின் புழு. முன்னதற்கு மூன்று இணைக் கால்கள் உண்டு, பின்னதற்குக் கால்களே கிடையாது. இதை அறிய முகவர் தேவையில்லை.

காண்டாமிருக வண்டின் புழு சாணம், மட்கிய குப்பை, பட்டுப்போன தென்னங்கட்டை ஆகியவற்றைத் தின்றே வளரும். மரத்தைத் தாக்குவது வளர்ந்த வண்டுதான். அது இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைக் குடைவதால், பின்னர் விரியும் ஓலையில் முக்கோண வெட்டுகள் தெரியும். கூன் வண்டில் நிலைமை தலைகீழ்: அதன் புழு மரத்துக்குள்ளேயே மென்மையான சோற்றுப் பகுதியைத் தின்று வளர்வதால், தண்டின் ஓட்டையில் பழுப்புச் சாறு வடியும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் மரத்தின் காயங்களில்தான் கூன் வண்டு முட்டையிடும் என்பதால், நல்ல மரத்தில் போடும் துளை அதற்கு வாசல் திறந்துவிடுவதாகும். துளைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் இதைச் சொல்லமாட்டார்.

வளர்ந்த மரத்தைக் காண்டாமிருக வண்டு பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால் புதிதாக நட்ட கன்றுகள் இதற்கு விலக்கு. கன்றின் கழுத்துப் பகுதியில், மண்ணை ஒட்டியே வண்டு துளைத்து வளர்நுனியைத் தின்றுவிட்டால் கன்று பிழைக்காது. ஆகவே தோப்பில் கன்றுகள் இருந்தால், அவற்றின் அருகில் எருக் குவியலோ பழைய கட்டையோ ஒரு நாளும் கிடக்கக்கூடாது. தரகர் வண்டியில் கொண்டுவந்து கொட்டும் மலிவு எருவையும் கிளறிப் பார்க்காமல் இறக்கவிடாதீர்கள்.

வண்டின் வாசனையைக் கொண்டு வண்டுகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி உதவும். ஆனால் ஒரு வண்டுக்கான கவர்ச்சிப் பொருள் மற்றதை ஈர்க்காது. இதைக்கூட விளக்காமல், வண்டுக் காலம் கழிந்தபின் பொறியை மானியமாகக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் நடைமுறை என்றுதான் மாறுமோ!

இப்போதைக்குக் குழியிலுள்ள புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட்டு, எருவில் இப்புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள். வேப்பங்கொட்டைத் தூளை இரு மடங்கு மணலுடன் சேர்த்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உட்புற மூன்று மட்டைகளின் இடுக்கில் இடுங்கள். சாறு வடியும் மரம் ஏதேனும் இருந்தால் அதை மட்டும் தனியாகக் கவனிக்கலாம்.