டேலியா, கிளாடியோலஸ் கிழங்குகள் ஒரு பருவம் பூத்துவிட்டு மறு பருவம் அழுகிப்போவது ஏன்?

பெரும்பாலும் குளிர், ஈரம் இரண்டும் சேர்ந்த வேலைதான். இவை உறைபனி தாங்காதவை. மண் உறைந்தால் கிழங்கும் உறைந்து கூழாகிவிடும். உறைபனியே இல்லாத இடத்தில் தோண்ட வேண்டியதில்லை, ஆனால் தண்ணீர் தேங்கினால் அங்கும் அழுகல்தான்.

உறைபனி விழும் இடமென்றால், முதல் உறைபனியில் இலை கருகியதும் தண்டை வெட்டிவிட்டுத் தோண்டுங்கள். மண்வெட்டியைச் செடியை ஒட்டிப் போடாதீர்கள். டேலியாவின் முளைக்கண் கிழங்கில் இருக்காது, அது தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. (நானும் அப்படிப்பட்டதை நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறேன்!)

கிளாடியோலஸ் வேறு மாதிரி. பழைய கிழங்கு சுருங்கி, அதன் மேலேயே புதியது உருவாகும். இரண்டு மூன்று வாரம் காயவைத்தால் பழையது கையோடு கழன்று வரும், எறிந்துவிடலாம். புதியதைக் காற்றோட்டமான வலைப்பையில் உலர்வாக வையுங்கள். டேலியாவுக்கு அவ்வளவு உலர்வு ஆகாது, சுருங்கிவிடும். லேசான ஈரமுள்ள தென்னை நார்த்தூளில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் வைக்கலாம்.

மறுபடி நடும்போது 10 முதல் 15 செ.மீ. ஆழம் போதும். டேலியா முளைவிடும் வரை தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே நல்லது.